தகரக் கூரை மழையிலும் கேட்கிற ரிங்டோன்

நான் மலேசியாவில் ஈப்போ நகரில் வேலை செய்கிறேன். அம்மா சுங்கை சிப்புட்டில் தனியாக இருக்கிறார். இடையில் 30 கிலோமீட்டர் போலத்தான் இருக்கும். இருந்தும் வாரத்துக்கு ஒரு முறையாவது அம்மா போனை எடுக்காமல், வேலை நடுவில் எனக்கு வயிற்றைக் கலக்கும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அழைத்து, "அக்கா, கொஞ்சம் எட்டிப் பார்த்துச் சொல்லுங்களேன்" என்பேன். அவர் வேலி ஓரம் போய்ப் பார்த்துவிட்டு, "கோழிக்குத் தீனி போட்டுக்கிட்டு இருக்காங்க தம்பி. போன் உள்ள கத்திக்கிட்டு இருக்கு" என்பார்.

காது மந்தமாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. போன் அடிக்கிறது, அம்மா தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "அம்மா, போன்." "நாடகத்துல அடிக்குதுடா." அம்மா சொன்னதிலும் தப்பில்லை. அடுத்த காட்சியிலேயே நாடகத்தில் மருமகளுக்கு ஒரு அழைப்பு வந்தது, அச்சு அசல் அதே சத்தம். அம்மா எழுந்து போய்த் தன் போனை எடுத்து "ஹலோ" என்றார்.

கம்பெனி போட்டுக் கொடுத்த ரிங்டோன் ஊருக்கே பொது. அது தன்னைக் கூப்பிடுகிறது என்று அம்மாவுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. சரி, அம்மாவுக்கென்று ஒரு சத்தம் வைத்துவிடலாம், பத்து நிமிட வேலைதானே என்று நினைத்தேன். எட்டு மாதம் ஆனது.

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அண்ணனிடம் நோக்கியா 3310 இருந்த காலத்திலேயே நான் ரிங்டோன் போட்டவன். அந்தப் போனில் 'கம்போசர்' என்று ஒன்று இருக்கும். 1 முதல் 7 வரை உள்ள எண்களை அழுத்தினால் ஏழு சுரமும் வரும். 8-ஐ அழுத்தினால் சுரம் குறுகும், 9-ஐ அழுத்தினால் நீளும், 0 என்றால் மௌனம், நட்சத்திரக் குறி ஸ்தாயியை மாற்றும். கோயில் தேவார வகுப்பில் வாத்தியார் சரளி வரிசை சொல்லிக்கொடுத்திருந்தார். 1-ல் இருந்து 7 வரை வரிசையாக அழுத்திப் பார்த்தேன். ச ரி க ம எல்லாம் வந்தது, ஆனால் வகுப்பில் பாடியது மாதிரி இல்லை. இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகு வாத்தியாரிடமே போனைக் கொண்டுபோனேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "இது சங்கராபரணம்டா. நீ படிச்சது மாயாமாளவகௌளை. ரியும் தவும் இன்னும் கீழே நிக்கணும்." அப்புறம் நானே கண்டுபிடித்தேன். 2-க்குப் பதில் 1-ஐ அழுத்தி உடனே சுரத்தை அரைப்படி ஏற்றும் சதுரக் குறி (#), 6-க்குப் பதில் 5-ஐ அழுத்திச் சதுரக் குறி. சரளி வரிசை போனில் ஒலித்தது! அதற்குப் பிறகு எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், யார் போன் வாங்கினாலும் என்னைத்தான் தேடி வருவார்கள்.

அதே காலத்தில் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகப் பாட்டுப் பெயரும் அதற்கான எண்ணுமாக விளம்பரம் வரும். ஐந்து இலக்க எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ரிங்டோன் வந்து சேரும். ஒரு பாட்டுக்கு அனுப்பினேன். வாராவாரம் அண்ணனின் 10 வெள்ளி (ரிங்கிட்) டாப்-அப் கரைந்துகொண்டே போனது. ஒரு பாட்டுக்குத்தான் காசு என்று நான் நினைத்தேன், அவர்கள் சந்தா என்று எழுதிக்கொண்டார்கள். அண்ணனிடம் வாங்கிய அறை இன்னும் நினைவிருக்கிறது. இன்றைக்கும் யாருக்காவது காரணமில்லாமல் கிரெடிட் குறைந்தால், அந்தக் குறுஞ்செய்தி வருகிற எண்ணுக்கே 'ஸ்டாப் ஆல்' என்று அனுப்பிப் பாருங்கள். நம் கையில் பாட்டு ஃபைல் இருக்கும்போது ரிங்டோனுக்காக யாருக்கும் காசு கொடுக்கத் தேவையே இல்லை.

அம்மா கதைக்கு வருகிறேன். என்ன பாட்டு வைக்கலாம் என்றதும் எனக்குத் தோன்றியது அப்பாவின் கேசட். 1994-இல் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அப்பா மேடையேறி ஒரு பக்திப் பாட்டுப் பாடினார். யாரோ பதிவு செய்து கொடுத்த கேசட்டை அம்மா பிஸ்கட் டின்னுக்குள் சேலைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். அப்பா 2009-இல் இறந்த பிறகு அதை யாரும் போட்டுக் கேட்கவில்லை, கேட்கக் கருவியும் இல்லை. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் 25 வெள்ளிக்கு ஒரு வாக்மேன் கிடைத்தது.

அதன் ஹெட்ஃபோன் துளையிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முனை உள்ள ஒரு வயரை லேப்டாப்பின் மைக் துளைக்குக் கொடுத்து, ஆடாசிட்டி என்கிற இலவச மென்பொருளில் பதிவு செய்தேன். என் லேப்டாப்பில் ஹெட்ஃபோனுக்கும் மைக்குக்கும் ஒரே துளை, அதனால் யூஎஸ்பியில் செருகுகிற சின்ன சவுண்ட் அடாப்டர் ஒன்று வாங்க வேண்டியிருந்தது. வாக்மேனில் சத்தத்தைப் பாதிக்கு மேல் வைக்காதீர்கள். திரையில் அலை மேலும் கீழும் கோட்டைத் தொட்டால் குரல் உடைந்துவிடும், அப்படி உடைந்ததைப் பிறகு எதனாலும் ஒட்ட முடியாது. சத்தம் குறைவாகப் பதிவானால் பரவாயில்லை, ஏற்றிக்கொள்ளலாம். கேசட்டின் 'ஸ்ஸ்' இரைச்சலையும் ஆடாசிட்டியிலேயே குறைக்கலாம். பாட்டு இல்லாமல் இரைச்சல் மட்டும் இருக்கிற ஒரு நொடியைத் தேர்ந்தெடுத்து, இதுதான் இரைச்சல் என்று அதற்குக் காட்டிவிட்டு, பிறகு முழுப் பாட்டுக்கும் அதைச் செலுத்த வேண்டும். ஆசைப்பட்டு அதிகமாகக் குறைத்தால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். முதல் முறை அப்பா கிணற்றுக்குள் இருந்து பாடினார்.

பாட்டுக்கு முன்னால் அப்பா மைக்கைத் தட்டுவார், இரண்டு முறை இருமுவார். அதையெல்லாம் வெட்டி, பல்லவி தொடங்குகிற இடத்திலிருந்து 25 நொடி எடுத்தேன். ரிங்டோனுக்கு அவ்வளவு போதும். முடிந்தால் முதலிலிருந்து திரும்ப ஓடும். முக்கியமான விஷயம், சத்தம் முதல் நொடியிலேயே தொடங்க வேண்டும். பாட்டை அப்படியே வைப்பவர்களுக்கு மெதுவான முன்னிசை முடிவதற்குள் அழைப்பே முடிந்துவிடும்.

அம்மாவுடையது ஆண்ட்ராய்டு போன். செட்டிங்ஸில் சவுண்ட், அதற்குள் ரிங்டோன், அங்கே பட்டியலின் மேலேயோ கீழேயோ ஒரு கூட்டல் குறி இருக்கும். அதைத் தொட்டு நம் ஃபைலைக் காட்டினால் முடிந்தது. போனுக்குப் போன் பெயரும் இடமும் கொஞ்சம் மாறும், வழி இதுதான். வைத்துவிட்டு என் போனிலிருந்து அழைத்தேன். அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தார். போனைக் கையில் எடுத்தார். எடுத்தவர் பேசவில்லை. அப்படியே நின்று கேட்டார். அழைப்பு நின்றது. "இன்னொரு தடவை அடிடா" என்றார்.

எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கவில்லை. ஆனால் அடுத்த வாரமே தெரிந்துவிட்டது, இது வேலைக்கு ஆகாது. முன்பு நான்காவது அழைப்பில் எடுத்தவர் இப்போது எடுப்பதே இல்லை. பச்சைப் பொத்தானைத் தொட்டால் அப்பா நின்றுவிடுவார் அல்லவா? பாட்டு முடியட்டும் என்று விடுவாராம். தங்கை சிங்கப்பூரிலிருந்து அழைத்து அழுதாள். ஆசை ஆசையாய்க் கேட்கத் தோன்றுகிற எதையும் ரிங்டோனாக வைக்காதீர்கள். என் அனுபவத்தில் இதைவிடப் பெரிய பாடம் இல்லை, எந்த மென்பொருளும் இதைச் சொல்லித் தராது.

அடுத்தது என் அக்கா மகனின் யோசனை. அவன் ஒரு உருமி மேளக் குழுவில் வாசிக்கிறவன். "மாமா, நம்ம செட்டு அடிச்சதையே வைங்க, ஆத்தா எழுந்து ஆடும்." அவனுடைய பெரிய ஸ்பீக்கரில் கேட்டால் நெஞ்சு அதிர்ந்தது. அம்மாவின் போனில் கேட்டால் யாரோ தகர மூடியை விரலால் தட்டுகிற மாதிரி இருந்தது. போனின் ஸ்பீக்கர் சுண்டு விரல் நகம் அளவு. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொனியை அதனால் தள்ள முடியாது. உருமியின் உயிரே அந்த முனகலில்தான் இருக்கிறது, போன் அதைத்தான் விழுங்கிவிடுகிறது.

சரி, மேல்தொனியாகக் கிணுகிணுவென்று எதையாவது வைக்கலாம் என்றால் அதற்கும் ஒரு தடை. வயதாகும்போது காது முதலில் இழப்பது உச்சத் தொனிகளைத்தான். எனக்குக் கூர்மையாகக் கேட்கிற 'டிங்' அம்மாவுக்குத் தேய்ந்துதான் கேட்கும். கீழே போன் விடாது, மேலே காது விடாது. நடுவில் இருக்கிற சத்தம்தான் வேண்டும், அதுவும் தடையில்லாமல் நீண்டு ஒலிக்கிற சத்தம். இதற்கு மேல் எங்கள் ஊர் மழை வேறு. மத்தியானம் மூன்று மணிக்குப் பிடித்தால் தகரக் கூரையின் கீழ் பக்கத்தில் இருப்பவரிடமே கத்திப் பேச வேண்டும்.

விடை கோயிலில் கிடைத்தது. அந்த வருடத் திருவிழாவில் சாமி ஊர்வலம் எங்கள் தாமானை, அதாவது குடியிருப்பை, சுற்றி வந்தபோது, சாமி இரண்டு தெரு தள்ளி இருக்கும்போதே நாதஸ்வரம் மட்டும் வீட்டுக்குள் வந்துவிட்டது. தவில்கூடப் பிறகுதான் கேட்டது. திறந்தவெளிக்கென்றே பிறந்த வாத்தியம் அது, மழையோடும் கூட்டத்தோடும் போட்டி போட்டுப் பழகியது. கோயில் வாசலில் வாசித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு நான்கு மீட்டர் தள்ளி நின்று என் போனிலேயே பதிவு செய்தேன். கிட்டே போய் நீட்டினால் சத்தம் உடைகிறது, இதையும் ஒரு முறை கெடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஊதத் தொடங்கிய கணத்திலிருந்து 20 நொடி வெட்டி வைத்தேன். மழைக்குக் காத்திருந்து சோதித்தேன். அம்மா பின்கட்டில் இருந்து வந்து எடுத்தார்! போனைக் குளிர்பெட்டி மேல் துணி விரித்து வைத்திருந்ததை மாற்றி, அந்தப் பழைய பிஸ்கட் டின் மூடி மேல் வைத்தோம். அதிர்வுக்கு டின்னும் சேர்ந்து உறுமியது. ஸ்பீக்கர் ஓட்டையை மூடுகிற மாதிரி போன் உறை போட்டிருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள், பாதிச் சத்தம் அங்கேயே போய்விடும்.

ஐந்து மாதம் நிம்மதி. அப்புறம் நானே கெடுத்தேன்.

அம்மாவின் போனில் இடம் நிறைந்துவிட்டது என்று ஒரு நாள் வாட்ஸ்அப்பில் குவிந்திருந்த காலை வணக்கப் படங்களையும் வீடியோக்களையும் மொத்தமாக அழித்தேன். நாதஸ்வர ஃபைலை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில்தான் அனுப்பியிருந்தேன், அங்கிருந்தபடியே ரிங்டோனாகக் காட்டியிருந்தேன். படங்களோடு அதுவும் போனது. ஃபைல் காணாமல் போனால் அம்மாவுடையது மாதிரி போன் எதுவும் சொல்லாது, சத்தமில்லாமல் பழைய பொது ரிங்டோனுக்குத் திரும்பிவிடும். அம்மாவுக்கோ அது நாடகச் சத்தம். கண் பரிசோதனைத் தேதியை முன்னுக்கு மாற்ற கிளினிக்கிலிருந்து மூன்று முறை அழைத்திருக்கிறார்கள். அம்மா மூன்று முறையும் தொலைக்காட்சியைப் பார்த்திருக்கிறார். தேதி போய், அடுத்தது இரண்டு மாதம் கழித்துத்தான் கிடைத்தது. மேல்மாடிக் கார் நிறுத்துமிடத்தில் நின்று அதைக் கேட்டபோது என்னையே நான் திட்டிக்கொண்டேன்.

ஆகவே ஃபைலை எங்கே வைக்கிறோம் என்பதில் சோம்பல் கூடாது. போனின் சொந்த சேமிப்பில் 'ரிங்டோன்ஸ்' என்றே ஒரு ஃபோல்டர் இருக்கும், இல்லையென்றால் அந்தப் பெயரில் நாமே உருவாக்கலாம். ஃபைலை அதற்குள் நகல் எடுத்துவிட்டு, பிறகு அங்கிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். மெமரி கார்டில் வைத்தாலும் இதே ஆபத்துதான், கார்டைக் கழற்றினால் பாட்டும் போய்விடும். பாட்டுச் செயலிகளில் காசு கட்டி இறக்கி வைக்கிறோமே, அவை இதற்குப் பயன்படா. பூட்டிய பெட்டி மாதிரி, அந்தச் செயலி மட்டும்தான் திறக்கும்.

கிளினிக் அழைப்பு இனி தவறவே கூடாது என்று அந்த எண்ணுக்கு மட்டும் தனிச் சத்தம் வைக்க நினைத்தேன். அப்போதுதான் தோட்டத்தில் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு ஞாபகம் வந்தது. 1948-இல் தோட்டத் துரைமார் மூவர் சுடப்பட்டு நாட்டில் அவசரகாலம் பிறந்ததற்காக எங்கள் ஊருக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி உண்டு. அம்மா அதற்கெல்லாம் பிறகு பிறந்தவர், அவருடைய சரித்திரம் 34 வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியது. விடிகாலை நாலரைக்கு ஆபீஸ் முன்னால் தொங்கும் இரும்பை, ஆட்களை நடத்துகிற தண்டல் அடிப்பார். அந்த 'டணார்' லயத்தின் கடைசி வீடு வரை வரும். ரப்பர் மரமெல்லாம் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனையாகி, லயமும் போய், நாங்கள் தாமானுக்கு வந்த பிறகு அந்த இரும்பு எங்கே போனதோ. நான் பட்டறையில் கிடந்த ஒரு லாரி ரிம்மைக் கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பேனரால் அடித்துப் பதிவு செய்தேன். மூன்று அடி, ஒரு இடைவெளி, மறுபடியும் மூன்று.

வீட்டில் சோதித்துக் காட்டினேன். சோபாவில் அரைத்தூக்கத்தில் இருந்த அம்மா துள்ளி எழுந்து நின்றார், கை தானாக இடுப்புச் சேலையைச் செருகியது. அப்புறம் என்னைப் பார்த்து முறைத்தார். "முப்பது வருஷத்துக்கு மேல அந்தச் சத்தத்துக்குப் பயந்து எழுந்தாச்சு. இன்னும் போன்லயும் அடிக்கணுமாடா?" எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அழித்துவிடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கிளினிக்குக்கு மட்டும் இருக்கட்டும். மத்தவங்களுக்கு வேணாம்" என்றார். தொலைக்காட்சியைப் பார்த்தபடியே, "உனக்கும் வேணாம்" என்றார்.

ஒருவருக்கு மட்டும் தனி ரிங்டோன் வைக்க அவருடைய கான்டாக்டைத் திறந்து, மூன்று புள்ளி உள்ள இடத்திலோ திருத்துகிற பக்கத்திலோ ரிங்டோன் என்று தேட வேண்டும். அந்த வரியே காணோம் என்றால் பெரும்பாலும் எண் சிம் கார்டில் சேமித்ததாக இருக்கும். சிம்முக்குப் பெயரும் எண்ணும்தான் தெரியும், போனுக்கு மாற்றிச் சேமித்தால் வரி தோன்றும். கிளினிக்குகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எண் இருக்கும், எல்லாவற்றையும் ஒரே பெயரின் கீழ் சேருங்கள். இன்னொன்று, இது சாதாரண அழைப்புக்கு மட்டும்தான். தங்கை அழைப்பது வாட்ஸ்அப்பில், அதற்கு வாட்ஸ்அப்புக்குள்ளேயே அவள் பெயரைத் தொட்டு அறிவிப்புப் பகுதியில் தனியாக வைக்க வேண்டும்.

ஐபோன் வைத்திருக்கிற தங்கை, "எனக்கும் அந்த நாதஸ்வரம்" என்றாள். அது கொஞ்சம் சுற்றுவழி. ஐபோன் ரிங்டோன் ஃபைலின் பெயர் எம்4ஆர் என்று முடியும். கணினி இல்லாமல் செய்ய கராஜ்பேண்ட் செயலியில் பாட்டைக் கொண்டுவந்து, 30 நொடிக்குள் வெட்டி, ரிங்டோனாகப் பகிர வேண்டும். 2025-இல் வந்த ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 26-இல் இந்தத் தொல்லை இல்லை, 30 நொடிக்குள் இருக்கிற பாட்டு ஃபைலைத் திறந்து, பகிர்கிற பட்டியலிலேயே ரிங்டோனாக்கு என்று சொல்லிவிடலாம். அவளுடையது பழைய போன். ஒரு மணி நேரம் வீடியோ அழைப்பில் சொல்லிக்கொடுத்தேன், பாதி நேரம் அவள் திட்டினாள்.

அப்பாவின் பாட்டு மட்டும் எங்கும் இடமில்லாமல் நின்றது. அழிக்க மனம் வரவில்லை. அம்மா இரவு மாத்திரையை அடிக்கடி மறப்பார், அதனால் எட்டு மணி அலாரத்துக்கு அதை வைத்தேன். அலாரத்திலும் நம் சொந்த ஃபைலை வைக்கலாம். அழைப்பு மாதிரி எதிர்முனையில் யாரும் காத்திருக்கவில்லை, நின்று முழுதாகக் கேட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. 25 நொடித் துண்டை எடுத்துவிட்டு முழுப் பாட்டையும் போட்டேன்.

மறுநாள் அம்மாவே அழைத்தார். மாத்திரை போட்டாயிற்றாம். ஆனால் ஒரு குறை. "ஆரம்பத்துல உங்கப்பா இருமுவாரே, அது எங்கடா?"

வெட்டிவிட்டேன் என்றேன். "யாரு உன்னைய வெட்டச் சொன்னா?"

நல்ல வேளை, வெட்டாத மூலப் பதிவைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அந்த வாரம் ஊருக்குப் போனபோது மாற்றினேன். இப்போது தினமும் எட்டு மணிக்கு அப்பா மைக்கைத் தட்டி, இரண்டு முறை இருமிவிட்டுத்தான் பாட ஆரம்பிக்கிறார்.